அளந்து பார்க்கக் காசு தருவது யார்?

சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். அவற்றைப் பற்றி டில்லியும் கொழும்பும் ஆண்டுக்கணக்காகப் பேசி, 2022 ஜனவரியில் இன்னொரு ஒப்பந்தமும் எழுதின. அதே ஆண்டு ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் எண்ணெய் இல்லாமல், இவ்வளவு தாங்கிகளை வைத்திருக்கும் திருகோணமலையிலேயே பெற்றோல் செட்டுக்குச் செட் வரிசை நின்றது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. சின்ன எஞ்சின் பூட்டிய படகுக்காரர்களுக்கு அது கடலுக்குப் போவதா, கரையில் இருப்பதா என்ற கணக்கு.

அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் வந்து, “தண்ணீரில் ஓடும் எஞ்சின் செய்திருக்கிறேன் அண்ணை, கொஞ்சம் முதல் போட்டால் சந்தைக்கு விடலாம்” என்று சொன்னால் யாருக்கும் காது நீளும். கேட்பவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தட்டுப்பாடு உள்ள ஊரில் நம்பிக்கைக்கும் தட்டுப்பாடு வந்துவிட்டால் என்ன செய்வது?

ஆனால் இந்தப் பேச்சு நம்மிடம் எப்போதும் இரண்டு கன்னையாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கம், நம்ம பொடியன் ஒருவன் கண்டுபிடித்துவிட்டான், பெரிய எண்ணெய்க் கம்பனிகள்தான் அமுக்குகின்றன என்கிறது. மறுபக்கம், இதெல்லாம் பித்தலாட்டம், பேசவே வேண்டாம் என்கிறது. இரண்டு பக்கமும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. கருவியை வாங்கி மேசையில் வைத்து அளந்து பார்ப்பது. அதற்குப் பெரிய செலவு இல்லை. ஆனாலும் அந்தச் சின்னச் செலவை ஏற்க ஆள் இல்லாமல், அதைவிடப் பல மடங்கு காசு கோரிக்கையின் பின்னாலேயே போய்விடுகிறது. உலகம் முழுவதும் நடந்திருக்கும் கதை இது.

முதலில் தண்ணீரை எடுப்போம். தண்ணீர் என்பது ஐதரசன் எரிந்து முடிந்த பிறகு மிஞ்சும் சாம்பல். அதை மறுபடி எரியவைக்க வேண்டுமென்றால், எரியும்போது வெளியே போன சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கணக்கு இப்படி வரும். ஒரு கிலோ ஐதரசனை மின்பகுப்பில் பிரித்தெடுக்க, கொஞ்சமும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் 39 யூனிற்றுக்கு மேல் மின்சாரம் தேவை. நடைமுறையில் உள்ள நல்ல கருவிகளுக்கு 50 யூனிற் போல ஆகும். அந்த ஒரு கிலோவை எஞ்சினில் எரித்தால் கிடைப்பது 33 யூனிற் வெப்பம். அதில் சக்கரத்தைச் சுற்ற மிஞ்சுவது சுமார் 10. ஆக, 50 போட்டு 10 எடுக்கிறோம். அந்தப் பத்தை டைனமோவுக்குக் கொடுத்து, அடுத்த ஐம்பதை அதிலிருந்தே எடுத்து, வண்டியையும் ஓட்டலாம் என்பதுதான் தண்ணீர் எஞ்சின். எந்த நாட்டில், எந்தப் பெயரில் வந்தாலும் அதன் அடிமடியில் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

2008 இல் இலங்கையிலேயே ஒருவர், 3 லீற்றர் தண்ணீரில் 300 கிலோமீற்றர் கார் ஓட்டியதாகச் சொன்னார். அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவுக்கே அதைக் காட்டினார். அரசின் முழு ஆதரவும் உண்டு என்று வாக்குறுதி கிடைத்தது. சில மாதம் கழித்து, முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில் அவர் கைதான செய்தி வந்தது. வழக்கு என்ன ஆனது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த முதல் செய்தியை வாசித்த அன்றே ஒரு உயர்தர மாணவர் கையால் போட்டுப் பார்த்திருக்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. 3 லீற்றர் தண்ணீரில் இருக்கும் ஐதரசன் மூன்றில் ஒரு கிலோ. அதைப் பிரிக்கும் செலவை யாரோ இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள் என்றே வைப்போம். எரித்தால் வரும் சக்தி 11 யூனிற். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 9 யூனிற் இருப்பதால், அது ஒன்றேகால் லீற்றர் பெற்றோலுக்குச் சமம். ஒன்றேகால் லீற்றரில் 300 கிலோமீற்றர் என்றால், அந்தக் கார் லீற்றருக்கு 240 கிலோமீற்றர் ஓடியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பிரதமர் பார்வையிடுவதற்கு முன் அதைச் செய்ய ஒருவரிடம் சொல்லியிருந்தால் போதும்.

முழுக்கத் தண்ணீரிலேயே ஓடும் என்று சொல்வதை விடக் கொஞ்சம் அடக்கமான கோரிக்கை ஒன்றும் உண்டு. அதுதான் கராஜ்களில் அதிகம் புழங்குவது. ஜாம் போத்தல் அளவில் ஒரு போத்தல். உள்ளே துருப்பிடிக்காத உருக்குத் தகடுகள் நாலைந்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீர். பற்றரியிலிருந்து இரண்டு வயர். மூடியிலிருந்து காற்று வடிகட்டிக்கு ஒரு ரியூப். சாவியைத் திருப்பினால் தகடுகளில் வெள்ளை வெள்ளையாகக் குமிழி ஏறும். பார்க்க அழகாகவே இருக்கும். “பெற்றோல் முப்பது சதவீதம் மிச்சம்” என்பார்கள்.

குமிழி பொய்யில்லை, அது ஐதரசனும் ஒட்சிசனும்தான். ஆனால் எவ்வளவு? 12 வோல்ற்றில் 5 அம்பியர் போனால் 60 வாற்று. அதில் ஐதரசனாக மாறுவது நல்லபடி பார்த்தால் 40 வாற்று. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள் மணிக்கு 50 இல் போகும்போது, மணிக்கு ஒரு லீற்றர், அதாவது ஏறக்குறைய 9,000 வாற்று பெற்றோலைக் குடிக்கிறது. 9,000 த்துக்கு 40. அந்த 60 வாற்றைப் பற்றரிக்குத் திருப்பி ஊட்ட டைனமோவும் எஞ்சினும் தின்னும் பெற்றோல் 400 வாற்று அளவில் வரும். கொடுப்பது கொண்டுவருவதைப் போல் பத்து மடங்கு.

அப்படியானால் பூட்டியவர்கள் “உண்மையிலேயே மிச்சம் வந்தது” என்று சொல்கிறார்களே? பலர் பொய் சொல்லவில்லை. போத்தலைப் பூட்டும்போது மெக்கானிக் காபரேற்றரைக் கழற்றித் துடைக்கிறார், பிளக்கைப் பார்க்கிறார், ரயருக்குக் காற்று அடிக்கிறார். பூட்டிய பிறகு ஓட்டுபவர் மிச்சம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து, நிதானமாக ஓட்டுகிறார். மிச்சம் வரத்தான் செய்யும். போத்தலால் வந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கு வழி மிக எளிது. பெற்றோல் தாங்கியை விட்டுவிட்டு ஒரு சின்னக் கானில் இருந்து எஞ்சினுக்கு எண்ணெய் விடுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கானைத் தராசில் நிறுங்கள். நிலாவெளி வீதியில் ஒரே தூரம், ஒரே ஆள், ஒரே நேரம். போத்தலுக்குப் போகும் சுவிட்சை இருக்கைக்கு அடியில் மறைத்து, போட்டிருக்கிறதா இல்லையா என்று ஓட்டுபவருக்கும் தெரியாமல், நிறுப்பவருக்கும் தெரியாமல் மூன்றாவது ஆள் ஒருவர் மாற்றி மாற்றி வைக்கட்டும். இருபது ஓட்டம் முடிந்த பிறகு யாருக்கும் வாய்ச்சண்டை போடத் தேவை இருக்காது.

கண்ணால் காட்டுவதும் அளப்பதும் ஒன்றல்ல என்பதை மனிதர்கள் பல தடவை காசு கொடுத்தே கற்றிருக்கிறார்கள். 1812 இல் பிலடெல்பியாவில் சார்ள்ஸ் ரெட்ஹெஃபர் என்பவர், எரிபொருளே இல்லாமல் நிற்காது சுற்றும் இயந்திரம் என்று ஒன்றைக் காட்டிக் காசு சேர்த்தார். அங்கே சந்தேகம் வந்ததும் நியூயோர்க்குக்குப் போனார். 1813 இல் அதைப் பார்க்க வந்தவர்களில் நீராவிக் கப்பலால் பேர்பெற்ற ரொபேட் ஃபுல்ற்றனும் ஒருவர். அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டார். சுற்று ஒரே சீராக இல்லாமல் கொஞ்சம் ஏறி இறங்கியது, கையால் சுற்றும் பிடி தரும் சத்தம் அது. சுவரோடு இருந்த மரத்துண்டுகளைத் தட்டிப் பெயர்த்தார். உள்ளே குடல்நாரால் செய்த ஒரு வார் மேல்மாடிக்குப் போனது. மேலே தாடி வைத்த ஒரு கிழவர், ஒரு கையில் பாண் துண்டைக் கடித்தபடி மறுகையால் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாராம். அதே பிலடெல்பியாவில் ஜோன் கீலி 1870களில் தொடங்கி, 1898 இல் சாகும்வரை ஒரு “புதிய விசை”க்குப் பங்குக் காசு வாங்கினார். அவர் செத்த பிறகு வீட்டின் நிலவறையைத் தோண்டினால், அமுக்கிய காற்றை அடைத்துவைக்கும் பெரிய உருக்கு உருண்டை. தமிழ்நாட்டில் 1996 இல் கிளம்பிய மூலிகைப் பெற்றோல் அலை நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதிலும் கலக்கும்போது உள்ளே என்ன போனது என்பதைச் சுற்றித்தான் சண்டை நடந்தது.

இதுவரை சொன்னவை ஏமாற்று வகை. எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் போட்டால் அநியாயம். நேர்மையான, கைதேர்ந்த ஆட்களும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள்.

1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃப்ளைஷ்மன், ஸ்டான்லி பொன்ஸ் என்ற இரண்டு மின்வேதியியலாளர்கள் பத்திரிகையாளரை அழைத்து, சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவை அறை வெப்பத்தில், ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் நிகழ்த்தியிருக்கிறோம் என்று அறிவித்தார்கள். பல்லேடியம் என்ற உலோகத்தில் ஒரு தகடு, பாரமான ஐதரசன் கொண்ட தண்ணீரான பாரநீர், மின்சாரம், அவ்வளவுதான். ஃப்ளைஷ்மன் இலண்டன் றோயல் சொசைற்றியின் உறுப்பினர், சாதாரண ஆள் இல்லை. தொடக்கத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரு இலட்சம் டொலரைத் தம் கையிலிருந்தே செலவழித்ததாகச் சொன்னார்கள். யூட்டா மாநிலம் சில வாரத்திலேயே 50 இலட்சம் டொலர் ஒதுக்கியது. அமெரிக்கக் காங்கிரசிடம் 250 இலட்சம் டொலர் கேட்டார்கள்.

உலகெங்கும் ஆய்வுகூடங்கள் அதைத் திருப்பிச் செய்து பார்க்க ஓடின. ஜோர்ஜியாவில் ஒரு குழு, இணைவு நடந்தால் வெளிவரும் நியூத்திரன் துகளைக் கண்டோம் என்று அறிவித்து, சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர்களுடைய உணர்கருவி சூட்டுக்கும் துடித்திருக்கிறது. சொன்ன அளவு வெப்பம் உண்மையான இணைவிலிருந்து வந்திருந்தால், அந்த அறையில் நின்றவர்கள் நியூத்திரனில் செத்திருக்க வேண்டும். அவர்கள் நலமாகவே இருந்தார்கள். பிரச்சினையின் வேர் எங்கே என்றால், நாட்கணக்கில் மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடுவையில் வெப்பக் கணக்குப் பார்ப்பது நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது. ஆவியாகப் போவது, வாயுவாகப் போவது, சுவரால் கசிவது என்று ஒவ்வொன்றிலும் சிறு பிழை நுழைந்தால், “மிகை வெப்பம்” தானாகத் தோன்றும்.

அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் குழு தந்த பரிந்துரையை நான் மதிக்கிறேன். தனி நிறுவனம், தனி நிதி வேண்டாம் என்றது. ஆனால் ஒழுங்காகத் திட்டமிட்ட சிறு பரிசோதனைகளுக்கு வழக்கமான வழியில் அளவாக உதவலாம் என்றும் சொன்னது. நடந்தது வேறு. யூட்டா மாநிலத்தின் காசில் இதற்கென்றே தொடங்கிய நிறுவனம் 1991 இல் மூடப்பட்டது. யப்பான் அரசு 1992 முதல் 1997 வரை காசு போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. டொயோட்டா குழுமத்தின் காசில் பிரான்சில் நடந்த ஆய்வுகூடம் 1998 இல் மூடியது. அதற்குள் “குளிர் இணைவு” என்ற அந்தத் துறையின் பெயரே கறைபட்டிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி நிதி கேட்கவோ, கட்டுரை வெளியிடவோ, வேலைக்கு விண்ணப்பிக்கவோ ஒரு இளம் ஆய்வாளருக்குத் துணிவு வேண்டியிருந்தது. சந்தேகம் கேள்வி கேட்பதோடு நிற்காமல் தீண்டாமையாக மாறினால் நட்டம் இரண்டு பக்கத்துக்கும்தான். உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள், வெளியே இருப்பவர்கள் புதிதாக எதையும் பார்க்க மாட்டார்கள்.

அந்த முடிச்சைக் கொஞ்சம் அவிழ்த்தது கூகுள். 2015 முதல் பல பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஒரு குழுவுக்கு ஏறக்குறைய ஒரு கோடி டொலர் கொடுத்து, திறந்த மனதோடு அதே நேரம் கறாராகத் தேடச் சொன்னது. 2019 இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. குளிர் இணைவுக்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நுணுக்கமான வெப்பமானிகளும், உலோகத்துக்குள் ஐதரசனை அடைக்கும் புதிய முறைகளும் கைக்கு வந்தன. 2023 இல் அமெரிக்க அரசின் எரிசக்தி ஆய்வு அமைப்பு ஒன்றும் இதே துறையில் எட்டுக் குழுக்களுக்கு மொத்தம் ஒரு கோடி டொலர் அறிவித்தது. கண்டுபிடிக்கட்டும் என்று கண்மூடிக் கொடுத்த காசு அல்ல அது. ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதிலைப் பெறக் கொடுத்த காசு.

எதிர்ப்பக்கத்து உதாரணம் இத்தாலியில் இருக்கிறது. 2011 இல் பொலோனாவில் அந்திரேயா ரோசி, நிக்கலும் ஐதரசனும் கொண்ட ஒரு சிறு கருவி, ஊட்டும் மின்சாரத்தைப் போல் பல மடங்கு வெப்பம் தருகிறது என்று காட்டினார். தண்ணீர் ஒரு பக்கம் போகும், மறுபக்கம் நீராவியாக வரும். எவ்வளவு தண்ணீர் ஆவியானது என்று பார்த்து வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். விமர்சகர்கள் விரலை வைத்த இடம் இது: வெளியே வந்தது முழுக்க ஆவியா, ஆவியோடு கலந்த கொதிநீரா? வீட்டுக் கேத்தலை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். 30 பாகைத் தண்ணீர் ஒரு கிலோவைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோயூல் போதும். அதை முழுக்க ஆவியாக்க மேலும் 2,257 கிலோயூல் வேண்டும். கொதிநீரை ஆவி என்று எழுதிவிட்டால், ஒரு மடங்கு வெப்பம் எட்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். குழாய் முனையை ஒரு வாளிக் குளிர்நீருக்குள் விட்டு, வாளியின் வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும். அந்த வாளிக்கு முன்னாலேயே காசு பேச்சு தொடங்கியது. இண்டஸ்ட்ரியல் ஹீற் என்ற அமெரிக்கக் கம்பனி 115 இலட்சம் டொலர் கொடுத்தது. மேலும் 890 இலட்சம் கொடுக்கவேண்டும் என்று ரோசி 2016 இல் வழக்குப் போட்டார். 2017 இல் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே சமரசமானது.

கணக்கின் எல்லையை எங்கே போடுகிறோம் என்பது நேர்மையான அறிவியலிலும் கவனிக்க வேண்டியது. 2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் லேசர் இணைவுப் பரிசோதனை 2.05 மெகாயூல் போட்டு 3.15 மெகாயூல் எடுத்தது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அந்த 2.05 ஐ உண்டாக்க லேசர்கள் சுவரிலிருந்து இழுத்த மின்சாரம் 300 மெகாயூல் அளவில் இருந்தது. அந்த ஆய்வுகூடம் இதை மறைக்கவில்லை, கேட்டவர்களுக்கு அவர்களே சொன்னார்கள். முதலீடு கேட்டு வருபவரிடம் நாம் முதலில் பார்க்கவேண்டிய அடையாளம் இதுதான் என்று நினைக்கிறேன். கணக்கின் பாதகமான பக்கத்தைக் கேட்டால், அவர் சொல்கிறாரா, கோபிக்கிறாரா?

காப்புரிமை வைத்திருக்கிறேன் என்று தாளை நீட்டுவார்கள். காப்புரிமை, யோசனை யாருடையது என்பதற்கான ஆவணம். கருவி வேலை செய்கிறது என்ற சான்றிதழ் அல்ல. அமெரிக்காவில் தண்ணீரில் ஓடும் காருக்காகப் பேர்பெற்ற ஸ்டான்லி மெயரிடம் காப்புரிமைகள் இருந்தன. 1996 இல் ஒகாயோ நீதிமன்றம் அவருடைய கலத்தை நிபுணர்களை வைத்துப் பார்த்தது. வழமையான மின்பகுப்பு, வேறொன்றும் இல்லை என்றார்கள். இரண்டு முதலீட்டாளருக்கு 25,000 டொலரைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவானது.

இப்போது நம் கடலுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மனம் அடங்காமல் இருப்பதற்குக் காரணமே இதுதான்.

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலிருந்து வெளியே ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு ஆழம் கிடைக்கும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்றே சில பருவத்தில் நீலத் திமிங்கிலத்தைப் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு இந்த ஆழமும் ஒரு காரணம். மேல் தண்ணீர் 28 பாகை, ஆயிரம் மீற்றர் கீழே சுமார் 7 பாகை. இந்த வித்தியாசத்தை வைத்து மின்சாரம் எடுக்கலாம். சூடான மேல்நீரால் அமோனியாவை ஆவியாக்கி, சுழலியைச் சுற்றி, குளிர்ந்த ஆழ்நீரால் திரும்பத் திரவமாக்குவது. வெப்பவியக்கவியலின் எந்த விதியையும் இது மீறவில்லை. ஆனால் அதே விதி இதற்கு ஒரு கூரையும் போடுகிறது. இந்த வித்தியாசத்தில் ஆகக்கூடினாலும் 7 சதவீதம், நடைமுறையில் 3 சதவீதம் போல. அதிலும் ஒரு பெரிய பங்கை, தண்ணீரை மேலே இழுக்கும் பம்பியே தின்றுவிடும்.

இது வேலை செய்யும் என்று காட்டப்பட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. 1930 இல் பிரெஞ்சுக்காரர் ஜோர்ஜ் குளோட், கியூபாவின் மத்தான்சாஸ் குடாவில் 22 கிலோவாற்று எடுத்தார். பம்பிக்குப் போனது அதைவிட அதிகம். காற்றைத் திரவமாக்கும் தொழிலில் தேடிய சொந்தப் பணத்தை இதில் கொட்டினார். கடலில் இறக்கிய குழாய்கள் கடலோடு போயின, திரும்பவும் இறக்கினார். 1979 இல் ஹவாயில் ஒரு தெப்பத்தில் 50 கிலோவாற்று அளவில் எடுத்து, பம்பிச் செலவு போக 15 கிலோவாற்று போல மிஞ்சியது. 2013 முதல் யப்பானின் கூமே தீவிலும், 2015 இல் மறுபடி ஹவாயிலும் 100 கிலோவாற்று அளவில் நிலையங்கள் ஓடின. நமக்குப் பக்கத்தில், திருச்செந்தூர்க் கடலுக்கென்று சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 1 மெகாவாற்றுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சாகர் சக்தி என்று மிதவைக்குப் பெயர். ஒரு கிலோமீற்றர் நீளக் குளிர்நீர்க் குழாயைக் கடலில் இறக்கும் கட்டத்திலேயே அது கைகூடாமல் போனது. ஆனால் அந்தக் குழாய் வித்தையைக் கற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 2005 இல் இலட்சத்தீவின் கவரத்தியில் இதே குளிர்நீரை வைத்து ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் லீற்றர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தார்கள்.

இங்கேதான் நிதியின் கொடுமை தெரியும். சின்னதாகக் கட்டினால் பம்பியே விளைச்சலைத் தின்றுவிடும், இலாபம் காட்ட முடியாது. இலாபம் காட்டும் அளவுக்கு, பத்து மெகாவாற்று என்று கட்டினால், பல மீற்றர் விட்டமுள்ள ஒரு கிலோமீற்றர்க் குழாய் வேண்டும். அப்படியொரு குழாயை இதுவரை இந்த வேலைக்காக யாரும் கடலில் இறக்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்ததில்லை. வங்கி கேட்பது முன்னுதாரணம். முன்னுதாரணத்துக்கு வேண்டியது வங்கியின் காசு. ஒரு பொய்க் கருவிக்கோ ஜாம் போத்தலும் இரண்டு வயரும் போதும், நாளைக்கே செய்து காட்டலாம், ஆளுக்கு ஐம்பதாயிரம் என்று கேட்கலாம். உண்மையான யோசனை முதல் நாளே கோடிக்கணக்கில் கேட்கிறது, பத்து வருடம் பொறு என்கிறது, தோற்கவும் கூடும் என்கிறது. மக்களின் சேமிப்பு எந்தப் பக்கம் சாயும்? ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்ட ஊரில், அதற்குப் பிறகு உண்மையான ஆளுக்கும் கதவு திறக்காது.

சக்திக்கான பெரிய காசு இங்கே எப்படி வருகிறது என்பதை சம்பூர் காட்டுகிறது. 2006 இல் மக்கள் இடம்பெயர்ந்த அந்த மண்ணில், இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் நம் மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் கட்டுவதாக 2011 இல் கூட்டுக் கம்பனி அமைத்தார்கள். 2016 இல் நிலக்கரி கைவிடப்பட்டது. அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையத்துக்கு அடிக்கல் விழுந்தது 2025 ஏப்ரலில்தான். யாரும் சந்தேகப்படாத, உலகெங்கும் ஓடும் தொழில்நுட்பத்துக்கே இந்த இழுபறி. அந்த மேசையில் பேசப்படுவது இரண்டு அரசாங்கங்களின் காசு. அங்கே ஒரு சின்ன அளவீட்டுக்கு இடமில்லை.

அதனால் சின்னக் கண்டுபிடிப்பாளர் நாடுவது வேறு வழி. மச்சானின் சீட்டுக் காசு, அக்காவின் அடகு நகை, கனடாவில் இருக்கும் சித்தப்பா. இந்தக் காசுக்கு ஒரு குணம் உண்டு. அது பாசத்தில் வருவதால் கேள்வி கேட்காது. கேட்டால் “நீங்களும் நம்பவில்லையா?” என்று உறவு கசக்கும். அளந்து பார்க்கச் சொல்வதே அவமதிப்பு என்று ஆகிவிடுகிறது. நேர்மையான பொடியன்களுக்கும் இது கேடுதான். கணக்கில் எங்கே பிழை என்று இரண்டாம் வாரமே யாராவது காட்டியிருந்தால், அந்தக் கை வேறு நல்ல வேலையில் இறங்கியிருக்கும். இரண்டு வருடமும் நகையும் போன பிறகு, பிழையை ஒத்துக்கொள்ள அவனால் முடிவதில்லை. வெளியாட்களிடமும் காசு வாங்கத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். ஏமாற்றுக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரராகத் தொடங்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இது. கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஒரு நல்ல தராசு, கவ்வி அம்பியர்மானி, வெப்பமானிகள், ஒரு வாளி, ஒரு பதிவுப் புத்தகம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, யார் என்ன கருவி கொண்டுவந்தாலும் சிரிக்காமல் வாங்கி, அவர் முன்னாலேயே அளந்து, எண்ணை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். எந்த அளவு வந்தால் வென்றதாகும் என்பதை அளப்பதற்கு முன்பே இருவரும் எழுதி வைக்க வேண்டும். யோசனை திருட்டுப் போய்விடும் என்று பயப்படுபவர் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் அளந்தால் போதும். வெளிநாட்டில் இருந்து ஒரு கருவிக்குப் பத்து இலட்சம் அனுப்பத் தயாராக இருப்பவர், அதில் ஒரு சதவீதத்தை முதலில் இந்த மேசைக்கு அனுப்பட்டும். பெரிய கருவி என்றால் ஜா-எலயில் 1974 முதல் இயங்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையத்துக்கு அந்தத் தாளோடு போகலாம். தாள் இல்லாமல் போவதைவிட அங்கே மரியாதை கிடைக்கும்.

கடலுக்கும் இதே முறைதான். பத்து மெகாவாற்று நிலையம் என்று கனவு காண முன், பள்ளத்தாக்கின் மேல் ஆயிரம் மீற்றர் வரை வெப்பநிலை மாதம் மாதம் எப்படி மாறுகிறது, வாடைக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் இழுக்கிறது என்று ஒரு முழு வருடம் அளந்து, எல்லோரும் பார்க்க வைக்கவேண்டும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. எந்தக் குழாயும் அப்படிப்பட்ட இரவுகளைத் தாங்கவேண்டும். எத்தனை விசைக்குத் தாங்கவேண்டும் என்ற எண்ணை எந்த முதலீட்டாளரும் முதல் கூட்டத்திலேயே கேட்பார். அளக்க ஒரு படகும், கயிறும், ஆழத்துக்கேற்ற உணர்கருவிகளும் போதும். அந்த எண்கள் மின்சாரத்துக்கு உதவாமல் போனாலும் மீனவருக்கும், திமிங்கில ஆய்வாளருக்கும், துறைமுகத்துக்கும் உதவும். இலங்கையின் நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவுக்கு இது புதிய வேலையும் இல்லை. கேட்பதற்கு ஊரில் நாலு பேர் சேர்ந்தால் போதும். நான் கையெழுத்துப் போடத் தயார்.